மெழுகு இறால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருஷம் ஐப்பசிக்குப் பிறகு, பிள்ளையார்பாளையத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஜப்பானில் ஒசாகா பட்டணத்தில் எங்கே சாப்பிடலாம் என்று வழி சொல்வார்கள். மெட்ராசையே ஒழுங்காகப் பார்க்காதவர்கள்கூட, "இத்தாலிக்காரன் கடைக்குப் போறதுன்னா பாலத்துக்கு இந்தாண்டயே எறங்கிக்கணும்பா" என்பார்கள். ருஷ்யாக்காரன் கடையில் கிழங்குச் சாறு ரத்தச் சிவப்பாக இருக்கும், பார்த்துப் பயந்துவிடக் கூடாது. ஜெர்மன்காரன் கடையில் ஒரு குவளை தூக்க இரண்டு கை வேண்டும். சீனாக்காரன் தெருவில் ஒவ்வொரு கடைக்கும் நூறு விளக்கு. இவ்வளவும் தெரு முழுக்கப் பரவியது ஒரே ஒரு வாயிலிருந்து. அந்த வாய் இந்தக் கடைகள் ஒன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

அந்த வாய்க்குச் சொந்தக்காரர் கலியாணசுந்தரம். பட்டுத்தறி நெய்பவர், அப்போது வயது நாற்பத்து மூன்று. நல்ல உயரம். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்தாலும் மற்றவர்கள் எழுந்து நின்ற மாதிரி தெரிவார். சேலையின் உடலையும் கரையையும், நூல் சுமந்து ஓடுகிற தனித்தனி நாடாக் கட்டையில் நெய்து, இரண்டும் சேருகிற இடத்தில் இழைக்கு இழை பூட்டுவதற்குக் கோர்வை என்று பேர். அதில் அவர் கையை மிஞ்ச ஆள் கிடையாது. முசரவாக்கத்தில் கிணற்றில் விழுந்த எருமையை அவர் நெய்த சேலையைக் கட்டித்தான் மேலே தூக்கினார்கள் என்று சொல்வதுண்டு. எருமை வந்துவிட்டது. சேலையும் கிழியவில்லை. கிணற்றுச் சுவர்தான் போயிற்று.

அவருடைய மனைவி தையல்நாயகி. கோர்வைக்கு எதிர்க்கையில் ஒரு ஆள் வேண்டும், மறுகரை நாடாவைத் தள்ளிவிட. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து அந்த இடத்தில் அவள்தான். இருபது வருஷமாக ஒரே தறியில் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். பேச்சுக்கூட வேண்டியதில்லை, அவர் தொண்டையைச் செருமினால் நாடா வந்துவிடும். குழந்தை இல்லை.

குழந்தை இல்லை என்று சொன்னாலும், வருஷம் தவறாமல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். தெருக்கோடியில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. பங்குனி உத்திரத்தன்று அம்மனுக்குத் திருக்கல்யாணம். அதற்குக் கூறைப் புடவை கலியாணசுந்தரத்தின் வீட்டிலிருந்துதான் போகும். அவருடைய தாத்தா நெய்தார், அப்பா நெய்தார், இப்போது அவர். அன்றைக்கு அம்மன் அவர்கள் வாசலில்தான் முதலில் நிற்பாள், பிறந்த வீட்டு வாசல் என்று. தையல்நாயகி மஞ்சளும் பூவும் கூறையும் தட்டில் வைத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, பெண்ணைப் பிரிகிற தாய் அழுகிற அழுகையை அழுவாள். யாரும் சிரித்ததில்லை. வருஷம் முழுக்கக் கூலிக்கு நெய்கிறவருக்கு அந்த ஒருநாள் சம்பந்தி மரியாதை.

அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கூறை நெய்கிறவர் பிறந்ததிலிருந்து மாமிசம் அறியாத நாக்குக்காரராக இருக்க வேண்டும். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, தறிக்கு நீளநூலான பாவு நீட்டுவதற்கு முன்னால், அம்மன் முன்னிலையில் எரிகிற கற்பூரத்தை வெறுங்கையால் அணைத்து, "என் நாக்கு சுத்தம்" என்று சொல்ல வேண்டும். கலியாணசுந்தரம் பத்தொன்பது தடவை அணைத்தவர். கொசுவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு வருவார்.

ஒசாகாவில் அந்த வருஷம் உலகக் கண்காட்சி. ஜனங்களுக்கு எதிரே உட்கார்ந்து நெய்து காட்ட ஒரு பட்டுத்தறியும் இரண்டு ஆட்களும் வேண்டும் என்று அதிகாரிகள் தேடி வந்தபோது, கலியாணசுந்தரத்தின் கோர்வையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேறு வீட்டுக்குப் போகவே இல்லை. எதிர்க்கைக்குப் பக்கத்துத் தெருத் தெலுங்கு நெசவாளி சிட்டிபாபு. இருபத்தெட்டு வயது. அவனுக்கு நாக்கில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஓடுவதில் சைக்கிளும் பறப்பதில் பட்டமும்தான் பாக்கி.

சித்திரையில் கிளம்பினார்கள். தையல்நாயகி பருப்புப் பொடி, நார்த்தங்காய், வடகம் என்று ஒரு தகர டின் நிறைய அடைத்துக் கொடுத்தாள். மூடியை அழுத்தி மூடிவிட்டுச் சொன்னாள்: "எது வேணா பண்ணுங்க. வாயை மட்டும் கட்டிக்கினு வாங்க. பங்குனிக்கு நம்ம பொண்ணு காத்துக்கினு இருப்பா."

"நீ வேற. நான் இன்னா சிட்டிபாபுவா?" என்றார் அவர்.

ஒசாகாவில் தினம் எட்டு மணி நேரம், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நெய்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் உலகம் நின்று போட்டோ பிடித்தது. சோறு கிடைத்தது, குழைந்து ஆறிப்போன சோறு. அதில் நார்த்தங்காய். டின் தீர்ந்த பிறகு உப்பு. எதைக் கேட்டாலும், "மீன் இல்லை, கொஞ்சம்தான்" என்றார்கள். கொஞ்சம் என்பது இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று அவர் தட்டைத் தள்ளிவிடுவார். மூன்றாம் மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றின்மேல் பாவு நூல் கொண்டு கட்டினார்.

வாரத்துக்கு ஒருநாள் லீவு. சிட்டிபாபு அவரை டவுனுக்கு இழுத்துப் போவான். அங்கே ஆற்றை ஒட்டி ஒரு தெரு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாப்பாட்டுக் கடை. ஒரு கடை வாசலுக்கு மேலே மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு நண்டு, பொம்மை நண்டு, உயிருள்ளதுபோல் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. எல்லாத் தேசத்துக்கும் கடை இருந்தது. ஒவ்வொரு கடைக்கும் வாசலில் கண்ணாடி அலமாரி. அதில் தட்டுத் தட்டாகச் சாப்பாடு. சேமியாவை முள்கரண்டி தூக்கியபடி காற்றில் நிற்கும். சாற்றில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகூடத் தெரியும். முதல் நாள் கலியாணசுந்தரம், "இன்னாடா, ஈ மொய்க்கலயே" என்று கேட்டார்.

"மெழுகுண்ணா. பார்த்துட்டு உள்ள போயி இது வேணும்னு கைகாட்டறதுக்கு" என்றான் சிட்டிபாபு. சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அவன் உள்ளே இத்தாலியைச் சாப்பிட்டான், இவர் வெளியே இத்தாலியைப் பார்த்தார். மறுவாரம் ருஷ்யா, அப்புறம் ஜெர்மனி. சிட்டிபாபு வெளியே வந்து ஏப்பம் விட்டுக்கொண்டே ருசியைச் சொல்வான். இவர் கண்ணாடியில் கண்ட நிறத்தையும் அவன் சொன்ன ருசியையும் சேர்த்துக் கோர்வை போட்டுக்கொள்வார். உடம்பு பசியில் இருந்தாலும் மனசு அதை இழை விடாமல் பூட்டி வைத்தது. அவர் நிஜமாகவே வாய் வைத்த கடை ஒன்றே ஒன்று. கண்காட்சியில் பல்கேரியாக்காரன் தயிர் விற்றான். வெறும் தயிர். வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆற்றோரத் தெருவில் ஒரு வறுவல் கடைக் கண்ணாடி முன்னால் அவர் ரொம்ப நேரம் நிற்பார். அங்கே மெழுகு வேலை அவ்வளவு நேர்த்தி. கடைக்காரப் பெண்மணி பல வாரம் பார்த்திருக்கிறாள். இந்த ஒல்லி மனுஷன் ஆசைப்பட்டுத்தான் நிற்கிறான் என்று நினைத்தாள் போலும். கடைசி வாரம் வெளியே வந்து குனிந்து வணங்கி, வால் உடைந்துபோன ஒரு மெழுகு இறாலைத் தாளில் சுற்றி அவர் கையில் வைத்தாள். மறுக்கத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டார்.

கண்காட்சி முடிந்து, தறியைக் கழற்றிக் கட்டி, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, வேலைக்கு வந்த எல்லாத் தேசத்தாருக்கும் ஒரு விருந்து வைத்தார்கள். பாயில் உட்கார வைத்து, கறுப்பு மெருகு போட்ட சின்னக் கிண்ணத்தில் ஒரு சாறு கொடுத்தார்கள். தண்ணீர் மாதிரி தெளிவு. மேலே ஒரே ஒரு பச்சை இலை. ஆவி முகத்தில் அடித்தது. ஆறு மாதமாகச் சூடாக எதுவும் இறங்காத தொண்டை.

"இதுல இன்னாடா இருக்குது?"

"எலைதாண்ணா தெரியுது. குடி."

குடித்தார். பாதிக் கிண்ணம் இறங்கியது. அதற்குள் மொழிபெயர்க்கிற பெண்ணிடம் விசாரித்துவிட்டுச் சிட்டிபாபு சிரித்துக்கொண்டே திரும்பினான். "அண்ணா, காஞ்ச மீனைச் செதுக்கிக் கொதிக்க வெச்சதாம்."

கிண்ணம் கையில் இருந்தது. கீழே வைத்திருக்கலாம். இடம் இருந்தது, யாரும் வற்புறுத்தவில்லை. கலியாணசுந்தரம் கிண்ணத்தை ஒருமுறை பார்த்தார். மீதிப் பாதியையும் குடித்தார்.

ஊருக்கு வந்து இறங்கிய மறுநாள் டீக்கடைக்குப் போனார். அங்கே அவருடைய பங்காளி அர்ஜுனன் இருந்தான். சித்தப்பா மகன், வயதில் இளையவன், சிரித்த முகம். நெசவு சுமார். நூல் வாங்க விற்க என்று மாதம் நாலு தடவை மெட்ராஸ் போய்வருவான்.

"இன்னாண்ணா, ஜப்பான்ல இன்னா சாப்ட்ட?"

"சோறும் நார்த்தங்காயுந்தாம்பா."

டீக்கடையே சிரித்தது. "அத்த துன்றதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போவணுமா? ஓரிக்கைக்குப் போயிருந்தா நடந்தே போயிட்டு வந்திருக்கலாமேண்ணா!"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி, அதிசயமாவது சொல்வோம் என்று நண்டைப் பற்றிச் சொன்னார். மாட்டுவண்டி அகல நண்டு, தானே காலை ஆட்டுகிறது என்று. "ஆட்டும், ஆட்டும். நீ அது மேல ஏறி ஆபீசுக்குப் போனியா?" என்று இன்னும் சிரித்தார்கள். உண்மை இரண்டும் இப்படிப் போனதும், மனுஷனுக்கு வீம்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்கப்பா. இத்தாலிக்காரன் கடையில போயி ஒக்காந்தேன் பாரு..." என்று ஆரம்பித்தார்.

யாரோ அவருக்கு இன்னொரு டீ சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. தினம் சாயங்காலம் ஒரு தேசம். நிறம், மணம், கரண்டி பிடிக்கிற விதம் ஒன்றும் தப்பவில்லை. எல்லாவற்றுக்கும் முடிவில், "எல்லாம் சைவந்தாம்பா, எனக்குன்னு தனியா பண்ணிக் குடுத்தான்" என்று சேர்த்துக்கொள்வார். சிட்டிபாபு பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, அண்ணன் மூணாவது தட்டு கேட்டாரு, கடைக்காரனே பயந்துட்டான்" என்று தாளம் போடுவான். எல்லாரையும்விட ரசித்துக் கேட்டவன் அர்ஜுனன். "அப்புறம் இன்னா சாப்ட்டண்ணா? அப்புறம்?" என்று ஊக்கிக்கொண்டே இருப்பான்.

வீட்டில் தையல்நாயகியிடம் மெழுகுக் கதையைச் சொல்லிவிட்டார். பார்த்ததெல்லாம் மெழுகு, சாப்பிட்டது சோறும் உப்பும் என்று. உடைந்த இறாலைக்கூடக் காட்டினார். அவள் ஒரு மூச்சு அழுதாள், பிறகு சிரித்தாள். ஆனால் தெருக் குழாயடியில் அவளும் விடவில்லை. "எங்க வூட்டுக்காரரு ஏழு தேசத்து ஓட்டல்ல சாப்ட்டவரு. என் ரசத்தைத்தான் ரெண்டாந்தரம் கேக்கறாரு" என்று குடத்தை இடுப்பில் ஏற்றுவாள். பொய் சொல்லுகிற புருஷன், அதைத் தெரிந்து பெருமைப்படுகிற பெண்டாட்டி. அந்த மூன்று மாதம் போல அவர்கள் என்றும் சந்தோஷமாக இருந்ததில்லை. கறுப்புக் கிண்ணத்தைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை.

தை கடைசி வெள்ளி வந்தது. கோயில் முன்னால் தெருவே கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூசாரி தட்டில் கற்பூரத்தை எடுத்து வைத்தார். நாட்டாண்மை ராஜவேலு முதலியார், "வாப்பா கலியாணம்" என்று கூப்பிட்டார்.

அர்ஜுனன் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "ஒரு வார்த்தைங்க. அண்ணன் மேல எனக்கு மரியாதை இருக்குது. ஆனா ஜெர்மன்காரன் கடையில சைவம் ஏதுங்க? ருஷ்யாக்காரன் சாறுல எலும்பு போடாம கொதிக்க வெப்பானா? மெட்ராஸ்ல படிச்சவங்க கிட்ட கேட்டேன். அம்மனுக்குக் கூறைங்க. விளையாட்டு இல்ல."

கூட்டம் ஒரு மாதிரி முனகியது. மூன்று மாதம் வாய் பிளந்து கேட்ட கூட்டம்தான்.

கலியாணசுந்தரம் முன்னால் வந்தார். "ஐயா, நான் எந்தக் கடைக்குள்ளயும் போகலீங்க. வெளிய நின்னு பார்த்தேன், அவ்வளவுதான். அது சாப்பாடே இல்லீங்க. மெழுகு."

"மெழுகா?"

"மெழுகுலயே சோறு, கறி, எல்லாம் பண்ணி வாசல்ல வெச்சிருக்கான்."

நாட்டாண்மைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்பா, மூணு மாசம் சாப்ட்டேன்னு சொன்ன, நம்பினோம். இப்ப மெழுகுல சோறு பண்றான்ங்கற. துன்ன முடியாத சோத்த எவன்பா மெனக்கெட்டுப் பண்ணுவான்?"

"சிட்டிபாபுவைக் கேளுங்க."

சிட்டிபாபு பாய்ந்து முன்னால் வந்தான். "சத்தியமா நாந்தான் சாப்ட்டேங்க. அண்ணன் வெளியதான் நின்னாரு."

"நீதானேடா மூணாவது தட்டு கேட்டாருன்னு சொன்ன?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கலியாணசுந்தரம், "இருங்க, காட்டறேன்" என்று வீட்டுக்கு ஓடினார். ஓடித் திரும்பி வந்தார். தாளைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து, நாட்டாண்மையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பொன்னிறமாக வறுத்த இறால். வால் மட்டும் இல்லை.

ராஜவேலு முதலியார் குதித்த குதியில் துண்டு ஒருபக்கம், செருப்பு ஒருபக்கம் போயிற்று. "சன்னிதிக்கு இறாலைக் கொண்டாந்துட்டாண்டா!" பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். வாசனை அடிக்கிறது என்றே இரண்டு பேர் சொன்னார்கள். "மெழுகுங்க, தொட்டுப் பாருங்க, கிள்ளிப் பாருங்க" என்று அவர் ஒவ்வொருவரிடமும் கையை நீட்டிக்கொண்டு போனார். சைவக்காரன் எவன் இறாலைக் கிள்ளிப் பார்ப்பான்? அவர் முன்னால் வர வர, கூட்டம் பின்னால் போனது. பூசாரி குடத்துத் தண்ணீரை அவர் காலடியில் கொட்டினார்.

"வாலை இவரே துன்னுட்டாரு போலக்குது" என்றான் அர்ஜுனன்.

சிரிப்பு அடங்கியதும் நாட்டாண்மை கொஞ்சம் இறங்கி வந்தார். வயதான மனுஷர், கலியாணசுந்தரத்தின் அப்பாவுக்குச் சிநேகிதர். "பேச்சு எதுக்குப்பா? அது மெழுகோ மீனோ, நமக்குத் தெரியாது. அம்மனுக்குத் தெரியும். கற்பூரத்தை அணை. எப்பவும் சொல்ற வார்த்தையைச் சொல்லு. அதோட முடிஞ்சுது. அப்புறம் எவன் வாயைத் திறந்தாலும் நான் பார்த்துக்கறேன்."

கற்பூரம் ஏற்றினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. சோறும் உப்பும் சாப்பிட்டு வந்த மனுஷன். கையை வைக்க வேண்டியதுதான், பாவு நீட்ட வேண்டியதுதான்.

கலியாணசுந்தரம் கையை நீட்டினார். கை சூடு படுகிற உயரம்வரை போனது. ஆறு மாதச் சோறு, உப்பு, கண்ணாடிக்கு வெளியே நின்ற கால்வலி, எல்லாம் சுத்தம்தான். முதல் பாதிக் கிண்ணம்கூடத் தெரியாமல் நடந்தது. தொண்டையில் அந்த மீதிப் பாதியின் இதம் இப்போதும் இருந்தது. தட்டில் கற்பூரம் பாதியாகக் கரைந்தது.

"வைப்பா" என்றார் நாட்டாண்மை மெதுவாக.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

கூறை நெய்கிற உரிமை இனி யாருக்கு என்ற கேள்விக்குப் பங்காளி வீடுதானே பதில். இன்னொரு கட்டி கற்பூரம் வைத்தார்கள். அர்ஜுனன் மெட்ராஸ் போகும்போதெல்லாம் சென்ட்ரல் பக்கத்தில் ஒரு மிலிட்டரி ஓட்டலில் ஆட்டுக்கறிப் பிரியாணி சாப்பிடுவான். எதிர்மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட சிட்டிபாபு அதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். அவன் வாயைத் திறந்தபோது, "நீ பேசாதேடா" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அர்ஜுனன் சிரித்த முகத்தோடு போனான். கொசுவைத் தட்டுவதுபோல் தட்டினான். "என் நாக்கு சுத்தம்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தையல்நாயகி கதவைச் சாத்தினாள். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். அவர் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னார். முதல் பாதியையும் சொன்னார், இரண்டாவது பாதியையும் சொன்னார்.

அவள் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஊரெல்லாம் மூணு மாசம் பொய் சொன்னீங்களே. இந்த ஒண்ணையும் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் தறிக்கட்டையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தார்.

"எப்படி இருந்துச்சு அது?"

"நல்லா இருந்துச்சு" என்றார்.

பங்குனி உத்திரத்தன்று மேளம் தெருவுக்குள் வந்தது. அம்மன் அர்ஜுனன் வாசலில் நின்றாள். அவனுடைய பெண்டாட்டி இந்திராணி தட்டைக் கொடுத்தாள், அழவில்லை. பிறகு ஊர்வலம் கலியாணசுந்தரத்தின் வாசலை நிற்காமல் கடந்து போனது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கூறையில் இடது கரையோரம் மூன்று இடத்தில் கோர்வை விட்டிருந்தது. தெருவில் வேறு யார் கண்ணுக்கும் அது படவில்லை. தையல்நாயகி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் காலை அவர் தறியில் இறங்கித் தொண்டையைச் செருமினார். எதிர்க்கையில் ஆள் இல்லை. அவள் மறுகரை நாடாவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டிருந்தாள். "எனக்குக் கண்ணு தெரியல. கோர்வை இல்லாத சேலையா பார்த்து வாங்கிக்கினு வாங்க" என்றாள் உள்ளேயிருந்து. அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு கலியாணசுந்தரம் ஒற்றை ஆளாக வெறும் சேலைதான் நெய்தார். டீக்கடையில் அவரை ஜப்பான்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். யாராவது புது ஆள் வந்தால் அர்ஜுனனே தோளில் கை போட்டு, "அண்ணா, அந்த இத்தாலி ஓட்டலைச் சொல்லுண்ணா" என்பான். அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாசை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார்.